ஷ்டெஃபான் கிரெட்ஷ்மார் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரரா, ஊடகங்கள் ஆக்கிய பிரபலமா?

கேள்வி கேட்டவர் மூன்றே வரிகளில் கேட்டிருக்கிறார். ஜெர்மனியின் மிகப் பிரபலமான ஹேண்ட்பால் வீரர் யார் என்று தேடினால் ஷ்டெஃபான் கிரெட்ஷ்மாரின் பெயரே முதலில் வருகிறது. ஆனால் தேசிய அணிக்காக அவர் ஒரு தங்கப் பதக்கம்கூட வென்றதில்லை. அப்படியிருக்க அந்தப் பெயர் ஆட்டத்தால் வந்ததா, பச்சை குத்திய கைகளாலும் பத்திரிகைப் படங்களாலும் வந்ததா என்பது கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. அவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்பது ஒன்று. ஹேண்ட்பாலே பார்க்காத ஜெர்மானியர்களும் அவரை ஏன் அறிந்திருக்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு எண்களும் ஆட்டப் பதிவுகளும் விடை தரும். இரண்டாவதற்கு அப்படி உறுதியான விடை கிடையாது. அங்கே நான் சொல்லப்போவது பெரும்பாலும் என் கணிப்புதான். எது எந்த வகை என்பதை ஆங்காங்கே குறிப்பிட்டுக்கொண்டே போகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியியல் மேற்படிப்புக்காக மக்டெபுர்க் நகரத்துக்கு வந்தேன். நகரம் முழுவதும் ஒரே விளையாட்டைப் பற்றிப் பேசிய காலம் அது. இப்போது வார இறுதிகளில் ஒரு சிறிய கழகத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். அதற்குரிய அடிப்படை உரிமம் வைத்திருக்கிறேன். உயர்மட்டத்தில் ஆடியவன் அல்லன். எனவே தொழில்நுட்பம் பற்றி நான் சொல்வதைப் பயிற்றுநர் ஒருவரின் பார்வையாகக் கொள்ளுங்கள், ஆட்டக்காரரின் அனுபவமாக அல்ல. சொல் பற்றியும் ஒரு விளக்கம் தேவை: நம் பள்ளிகளில் கைப்பந்து என்றால் வாலிபால், எறிபந்து என்றால் த்ரோபால் என்று ஆகிவிட்டதால், குழப்பம் வேண்டாம் என்று ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உள்ள அரங்கத் தளம், இரு பக்கமும் ஏழு ஏழு பேர், முப்பது முப்பது நிமிடங்களாக இரு பாதிகள், கோலின் முன்னே ஆறு மீட்டர் தொலைவில் ஒரு வளைகோடு. அந்தக் கோட்டுக்குள் கோல்காப்பாளரைத் தவிர வேறு யாரும் காலூன்றக் கூடாது; ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து குதித்து, கால் தரையைத் தொடும் முன் பந்தை எறிந்துவிடலாம். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் கிரெட்ஷ்மாரின் ஆட்டம் புரிந்துவிடும்.

அவர் 1973 பிப்ரவரி 17 அன்று, அப்போது கிழக்கு ஜெர்மனியில் இருந்த லைப்சிக் நகரில் பிறந்தார். வீட்டில் ஹேண்ட்பால் அன்றாட உணவு போல. தாய் வால்ட்ராவுட் கிரெட்ஷ்மார் 1971, 1975, 1978 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகக் கோப்பை வென்ற கிழக்கு ஜெர்மன் மகளிர் அணியில் ஆடியவர். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் வெள்ளியும் 1980 மாஸ்கோவில் வெண்கலமும் பெற்றவர். தந்தை பேட்டர் கிரெட்ஷ்மார் தேசிய வீரராக இருந்து, பிறகு அந்த மகளிர் அணிக்கே பயிற்றுநரானவர். பதக்கங்களை மட்டும் எண்ணினால் அந்தக் குடும்பத்தின் ஆகப் பெரிய ஆட்டக்காரர் மகன் அல்ல, தாய்தான். மகன் பெற்ற வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தாய்க்கு வாய்க்கவில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கேள்விக்கு வரும்போது இது உதவும்.

சிறுவயதில் அவர் கிழக்கு பெர்லினின் டைனமோ கழகத்தில் வளர்ந்தார். திறமையுள்ள பிள்ளைகளை இளம் வயதிலேயே தேர்ந்தெடுத்து, விளையாட்டுப் பள்ளிகளில் சேர்த்து, நாள்தோறும் பயிற்சி தந்த அரசு அமைப்பு அது. அவருக்குப் பதினாறு வயது ஆனபோது பெர்லின் சுவர் விழுந்தது. அடுத்த ஆண்டு அந்த நாடே இல்லாமல் போனது. அந்த அமைப்பின் பயிற்சியை முழுவதுமாகப் பெற்றும், அதன் கட்டுப்பாடுகளுக்குள் ஒருநாளும் தொழில்முறை ஆட்டக்காரராக வாழ நேராத தலைமுறை அவருடையது. பெர்லினில் இரண்டு ஆண்டுகள் பெரியவர்களுக்கான அணியில் ஆடியபின், 1993-இல் மேற்கில் உள்ள கும்மெர்ஸ்பாக் நகரின் வி.எஃப்.எல் கழகத்துக்குப் போனார். சிறிய ஊர்தான், ஆனால் அந்நாளில் ஜெர்மன் ஹேண்ட்பாலில் அதைவிடப் பெரிய பெயர் கிடையாது, பன்னிரண்டு முறை நாட்டின் சாம்பியனான கழகம். அதே ஆண்டில் தேசிய அணியிலும் இடம் பிடித்தார். 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த ஹேண்ட்பால் வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்வு நடந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு. கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டிய இடம் இது: நாடு முழுவதும் அவர் முகம் பரவுவதற்கு முன்பே, துறைக்குள் இருந்தவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

1996-இல் அவர் மக்டெபுர்க் கழகத்தில் சேர்ந்தார்; 2007-இல் ஓய்வு பெறும் வரை பதினொரு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அவருடைய சாதனைகளில் பெரும்பகுதி இங்கேதான். 1999, 2001, 2007 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கூட்டமைப்பின் இ.எச்.எஃப் கோப்பை, 2001-இல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பன்டெஸ்லீகாவின் பட்டம், 2002-இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான மிக உயர்ந்த போட்டியான சாம்பியன்ஸ் லீக். நாடு இணைந்தபின் ஹேண்ட்பால் பன்டெஸ்லீகாவை வென்ற முதல் கிழக்குக் கழகம் மக்டெபுர்க். சாம்பியன்ஸ் லீக் என்ற பெயரில் அந்தப் போட்டி நடக்கத் தொடங்கியபின் அதை வென்ற முதல் ஜெர்மன் கழகமும் அதுவே. 2002 இறுதிச்சுற்று ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் அணியோடு, இரு ஆட்டங்களாக நடந்தது. அங்கே 21–23 என்று தோற்று, இங்கே 30–25 என்று வென்று கோப்பையைப் பெற்றார்கள். அன்று அரங்கினுள் நுழைவுச்சீட்டு கிடைக்காத மாணவர்களில் நானும் ஒருவன். விடுதியின் பொது அறையில் தொலைக்காட்சி முன் நின்றபடியே பார்த்தேன். பயிற்றுநர் ஐஸ்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் கிஸ்லாசன். பின்னாளில் ஜெர்மன் தேசிய அணிக்கே பயிற்றுநரானவர். அந்த அணியின் மூளை யார் என்று கேட்டால் நான் கிரெட்ஷ்மார் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னொரு ஐஸ்லாந்துக்காரரான ஒலாஃபுர் ஸ்டெஃபான்சனைத்தான் சொல்வேன். கிரெட்ஷ்மார் அந்த அணியின் நெருப்பு என்று சொன்னால் பொருந்தும்.

இனி அவர் ஆடிய இடம். அவர் இடது விளிம்பு ஆட்டக்காரர்; வலது கையால் எறிபவர். விளிம்பு ஆட்டக்காரர் தளத்தின் மூலையில் காத்திருப்பார். அங்கிருந்து நேராக எறிந்தால் கோலின் மிக ஒடுங்கிய கீற்றுதான் தெரியும். மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள அந்தக் கோலைக் கோல்காப்பாளர் ஒரு காலை நீட்டியே மூடிவிடலாம். ஆகவே ஓடிவந்து, மூலையிலிருந்து நடுவை நோக்கி, வளைகோட்டுக்குள் காற்றில் தாவ வேண்டும். தாவும் ஒவ்வொரு அடியும் கோணத்தை விரிக்கும். வலது கைக்காரர் இடப்பக்கத்திலிருந்து தாவும்போது எறியும் கை நடுப்பக்கமாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் கோணம் கிடைக்கும். விளிம்புகளில் எதிர்க்கைக்காரர்களை நிறுத்துவதன் காரணம் இதுவே. ஆனால் தாவல் மட்டும் போதாது. தாவியவர் காற்றில் இருக்கும் அந்த அரை நொடிக்குக் கோல்காப்பாளர் தன் முடிவைத் தள்ளிப்போடப் பார்ப்பார், எறிபவரும் தள்ளிப்போடுவார். யார் முதலில் அசைகிறாரோ அவர் தோற்றார். என் சிறுவர்களிடம் நான் ஓயாமல் சொல்வதும் இதுதான்: எறிவதற்காகத் தாவாதே, பார்ப்பதற்காகத் தாவு.

கிரெட்ஷ்மாருக்கு இந்தப் பார்வை இயல்பாக இருந்தது. கோல்காப்பாளர் கையை உயர்த்தினால் இடுப்பின் பக்கமாக, கால்களை அகட்டினால் கால்களுக்கு நடுவே, முன்னே வந்தால் தலைக்கு மேலே மெல்லத் தூக்கி. இவற்றுக்கும் மேலாக ஜெர்மானியர்கள் ‘ட்ரேயர்’ என்று சொல்லும் சுழற்றெறி ஒன்று உண்டு. கோலுக்கு வெளியே போகப்போகும் பந்து போல எறிந்து, தரையில் பட்டதும் அது திரும்பிக் கோலுக்குள் போகும்படி மணிக்கட்டால் திருகிவிடுவது. பந்திலும் விரல்களிலும் பூசப்படும் பிசின் இருப்பதால்தான் இது முடிகிறது. ஏறத்தாழ நானூற்றைம்பது கிராம் எடையுள்ள பந்தை அது விரல்களில் ஒட்டவைக்கும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல ஆஃப் ஸ்பின் பந்தை நினைத்துக்கொண்டால் போதும். வேறுபாடு, இது காற்றில் கிடைமட்டமாகக் கிடந்தபடி வீசப்படுகிறது. இந்த எறியை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் மிக இக்கட்டான நேரத்தில், பதட்டமே இல்லாதவர் போல அதைச் செய்யும் துணிவு அவரிடம் இருந்தது. பிற்காலத்தில் அதே இடத்தில் ஆடிய மன்ஹைம் வீரர் ஊவே கென்ஸ்ஹைமரின் மணிக்கட்டு இன்னும் நுணுக்கமானது என்பது என் கருத்து. இதை எந்தக் கணக்கைக் கொண்டும் நிறுவ முடியாது, என்னோடு வாதாடும் மக்டெபுர்க் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள்.

எண்களுக்கு வருவோம். தேசிய அணிக்காக 218 ஆட்டங்கள், 821 கோல்கள். சராசரி ஓர் ஆட்டத்துக்கு நான்குக்குச் சற்றுக் குறைவு. ஹேண்ட்பாலில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் இருபத்தைந்து, முப்பது கோல்கள் போடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். கால்பந்துக் கண்ணால் பார்த்தால் மலைப்பாகத் தெரியும். ஆனாலும் நடு ஆட்டக்காரர்கள் விரும்பினால் மட்டுமே பந்து வந்துசேரும் மூலையில் நின்றுகொண்டு, பதினோரு ஆண்டுகள் இந்தச் சராசரியைக் காப்பது பெரிய செயல். அவர் கோல்களில் கணிசமான பகுதி விரைவு எதிர்த்தாக்குதலில் வந்தது: எதிரணி பந்தை இழந்த கணமே மூலையிலிருந்து புறப்பட்டு, நாற்பது மீட்டரை ஓடிக் கடந்து, நீண்ட எறியை ஓட்டத்திலேயே வாங்கிப் போடுவது. தொலைக்காட்சி இதைப் போல விரும்பும் காட்சி வேறில்லை.

இப்போது தங்கம். இங்கே அவருடைய கதை கொஞ்சம் வேதனையானது. 2000 சிட்னி ஒலிம்பிக் காலிறுதியில் ஸ்பெயினோடு சமநிலையில் இருந்தபோது, இறுதி நொடிகளில் அவர் எறிந்த பந்து கோலின் குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதே மூச்சில் ஸ்பெயின் எதிர்த்தாக்குதல் நடத்தி 27–26 என்று வென்றது. ஒரு விரலளவு கீழே போயிருந்தால் ஜெர்மனி அரையிறுதியில். 2002 ஐரோப்பியப் போட்டியின் இறுதியாட்டத்தில், சுவீடனின் சொந்த மண்ணில், கடைசி நொடிகளில் ஜெர்மனியின் ஃபுளோரியான் கேர்மான் போட்ட கோலை நடுவர்கள் ஏற்கவில்லை. கூடுதல் நேரத்தில் ஜெர்மனி 31–33 என்று தோற்றது. இன்றும் இங்கே சில மதுவிடுதிகளில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரவு முடியாது. 2003 உலகக் கோப்பை இறுதியில் குரோஷியாவிடம் 31–34. 2004 ஜனவரியில் சுலோவேனியாவில் ஜெர்மனி முதன்முறையாக ஐரோப்பியச் சாம்பியன் ஆனது. அந்த அணியில் அவர் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இருந்தார். காலிறுதியில் மறுபடியும் ஸ்பெயின். இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகும் சமநிலை, வெற்றியை முடிவுசெய்யும் ஏழு மீட்டர் தண்ட எறிகளில் ஸ்பெயினால் ஒன்றைக்கூட ஜெர்மன் கோல்காப்பாளர் ஹென்னிங் ஃபிரிட்ஸைத் தாண்டிப் போட முடியவில்லை, 32–30. ஆனால் இறுதியில் மீண்டும் குரோஷியா, 24–26, வெள்ளி. அந்த ஆட்டத்தோடு அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2007 பிப்ரவரி 4 அன்று, கோல்ன் நகரில் போலந்தை 29–24 என்று வென்று ஜெர்மனி உலகக் கோப்பையைத் தூக்கியது. ஏதென்ஸோடு விலகியவர்களில் கிறிஸ்டியான் ஷ்வார்ட்சர் மட்டும் போட்டியின் நடுவே திரும்ப அழைக்கப்பட்டு அந்தக் கோப்பையில் பங்கு பெற்றார். கிரெட்ஷ்மாருக்கு அந்த வாய்ப்பும் அமையவில்லை.

ஆக, தங்கம் இல்லை என்று நீங்கள் சொன்னது சரிதான். அதிலிருந்து அவர் பெரிய ஆட்டக்காரர் அல்லர் என்று முடிவு கட்டுவது சரியல்ல. அதற்காக மறுபக்கத்துக்கும் போய்விடக் கூடாது. உலகின் ஆண்டுச் சிறந்த வீரர் விருது ஜெர்மானியர்களில் டானியேல் ஸ்டெஃபானுக்கு 1998-இலும் ஹென்னிங் ஃபிரிட்ஸுக்கு 2004-இலும் கிடைத்தது. கிரெட்ஷ்மாருக்கு ஒருமுறையும் கிடைக்கவில்லை. பழைய தலைமுறையினரைக் கேட்டால், 1979-இல் ஓர் ஆட்டத்தில் நேர்ந்த தலைக்காயத்தால் இருபத்தைந்து வயதில் ஆட்டவாழ்வே முடிந்துபோன யோவாகிம் டெக்கார்மின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். கிரெட்ஷ்மார் தன் இடத்தில் தன் காலத்தில் உலகின் முன்னணி வீரர்களில் ஒருவர். இது வரை எனக்கு ஐயமில்லை. எல்லாக் காலத்துக்கும் ஜெர்மனியின் தலைசிறந்தவர் என்று யாராவது சொன்னால் அது அன்பின் மிகுதி.

இரண்டாம் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். முதலில் எல்லாரும் சொல்லும் விடை: தோற்றம். நிறம் மாறிக்கொண்டே இருந்த முடி, காதிலும் முகத்திலும் வளையங்கள், கைகள் நிறையப் பச்சை. இன்று ஜெர்மன் கால்பந்தில் பச்சை குத்தாத வீரரைத்தான் தேட வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் நிலை அப்படியல்ல. அதுவும் ஹேண்ட்பால், மீசை வைத்த ஆசிரியர்களும் தச்சர்களும் ஆடும் ஊர்ப்புற விளையாட்டு என்ற பெயர் வாங்கியிருந்தது. (மீசை என்பது சும்மா சொன்னதல்ல: தேசியப் பயிற்றுநர் ஹைனர் பிராண்டின் மீசை அவ்வளவு புகழ்பெற்றது, 2007-இல் உலகக் கோப்பை வென்றதும் வீரர்கள் அனைவரும் ஒட்டு மீசை வைத்துக்கொண்டே மேடையேறினார்கள்.) அந்தப் பின்னணியில் ஒரு பங்க் பாடகர் போல ஒருவர் வந்து நின்றது கண்ணில் படாமல் போகாது. இதோடு, தனியார் தொலைக்காட்சிகள் பெருகி, முகங்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. நீச்சல் வீராங்கனை பிரான்சிஸ்கா ஃபான் ஆல்ம்சிக்கோடு அவர் இணைந்திருந்த ஆண்டுகளில், விளையாட்டுப் பக்கங்களைத் திறக்காதவர்களும் அவர் பெயரை அறிந்தார்கள். பதினான்கு வயதில் பார்சலோனா ஒலிம்பிக்கில் நான்கு பதக்கங்கள் வென்று, இணைந்த ஜெர்மனியின் முதல் இளம் நட்சத்திரமானவர் பிரான்சிஸ்கா. அவரும் கிழக்கு பெர்லினின் அதே டைனமோ கழகத்தில் வளர்ந்தவர்.

தோற்றம், காதல், தொலைக்காட்சி ஆகியவை புகழை விரித்தன என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மக்டெபுர்க்கில் இருந்த எனக்கு அது முழு விடையாகத் தோன்றியதில்லை. பச்சை குத்தியவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். அங்கே வயதான பெண்கள்கூட அவரைக் ‘கிரெட்ஷே’ என்று செல்லப் பெயரிட்டு அழைத்ததற்கு வேறு காரணம் உண்டு என்றே நினைக்கிறேன். 1990-க்குப் பிறகு கிழக்கிலிருந்து மேற்கை நோக்கித்தான் எல்லாமே நகர்ந்தது: வேலை, இளைஞர்கள், விளையாட்டு வீரர்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டன, கனரக இயந்திரங்கள் செய்த மக்டெபுர்க் போன்ற நகரங்களுக்கு அடி பலமாக விழுந்தது. கிழக்கின் கழகங்கள் ஒவ்வொன்றாகக் கீழ்ப்பிரிவுகளுக்குச் சரிந்தன. அந்த நேரத்தில், இரண்டு முறை ஆண்டுச் சிறந்த வீரரான ஒருவர், மேற்கின் மிகப் புகழ்பெற்ற கழகத்தை விட்டுக் கிழக்கே வந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஐந்தாண்டுகளில் பட்டம், ஆறாம் ஆண்டில் ஐரோப்பியக் கோப்பை. அந்தக் கழகம் கிழக்கு ஜெர்மன் காலத்தில், 1978-இலும் 1981-இலும், ஐரோப்பியச் சாம்பியனாக இருந்தது. தாங்கள் பெருமையாக இருந்த ஒரு காலம் உண்மையில் இருந்தது, கற்பனையல்ல என்று அந்நகர மக்களுக்கு 2002 வெற்றி காட்டியது. அதன் முகமாக நின்றவர் கிழக்கின் பயிற்சியில் வளர்ந்தவர், அதே வேளையில் கிழக்கைப் பற்றி மேற்கு வைத்திருந்த சலிப்பான சித்திரத்துக்குச் சற்றும் பொருந்தாதவர். இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்ததுதான் அவருடைய புகழின் வேர் என்பது என் கணிப்பு. இதை அளக்கும் கருவி எதுவும் இல்லை. அதே நகரில் வாழ்ந்தவனின் சாய்வும் இதில் கலந்திருக்கலாம். மேற்கில் வளர்ந்த ஒருவரைக் கேட்டால் முடி நிறத்தையும் காதலையும்தான் முதலில் நினைவுகூர்வார்.

இன்னொன்றும் உண்டு. அவர் பேசுவார். தோற்றால் தோற்றோம் என்பார், மோசமாக ஆடினால் மோசம் என்பார், நடுவரைப் பற்றியும் சொல்வார். ஓய்வுக்குப் பின் தொலைக்காட்சி வர்ணனையாளராக நீண்ட காலம் நிலைத்ததற்கு இந்த நாக்குதான் காரணம். அதே நாக்கு இக்கட்டிலும் விட்டதுண்டு. 2019 தொடக்கத்தில் ஒரு பேட்டியில், விளையாட்டு வீரர்கள் இன்று பொதுநீரோட்டத்தோடு ஒத்துப்போகாத கருத்தைச் சொன்னால் பின்விளைவுகளைச் சந்திக்க நேர்கிறது என்ற பொருளில் அவர் பேசினார். தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முயன்றது. அவர் அந்தக் கட்சியிலிருந்து தன்னை வெளிப்படையாக விலக்கிக்கொண்டார். ஆட்டத்தை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன ஒரு ஹேண்ட்பால் வீரரின் பேட்டி நாடு முழுவதும் விவாதமானது. அதே சொற்களை வேறொரு முன்னாள் ஹேண்ட்பால் வீரர் சொல்லியிருந்தால் உள்ளூர் நாளிதழோடு முடிந்திருக்கும்.

இந்தப் புகழ் ஹேண்ட்பாலுக்குப் பயன்பட்டதா என்று என் மாணவர்களின் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. ஓரளவுக்கு மட்டுமே என்று சொல்வேன். ஜெர்மன் ஹேண்ட்பால் சங்கம் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. உலகிலேயே பெரிய ஹேண்ட்பால் சங்கம். அந்த அடித்தளம் அவருக்கு முன்பே இருந்தது. நாட்டையே தொலைக்காட்சி முன் உட்காரவைத்தது 2007 இறுதியாட்டம். ஒரு கோடியே அறுபது இலட்சம் பேருக்கு மேல் அதைப் பார்த்தார்கள். 2024 ஜனவரியில் டுசெல்டோர்ஃப் கால்பந்து அரங்கில் ஐரோப்பியப் போட்டியின் தொடக்க ஆட்டத்துக்கு 53,586 பேர் வந்தது உலகச் சாதனை. இரண்டிலும் அவர் ஆடவில்லை. அவருடைய புகழ் பெரும்பாலும் அவரோடு ஒட்டியே இருந்தது. ஒரு வீரர் விலகியதும் அடுத்தவருக்குக் கைமாறும் வகைப் புகழ் அல்ல அது. அவருக்குப் பின் வந்தவர்களில் அவரைவிடக் கூடுதலாக வென்றவர்கள் இருக்கிறார்கள். கடைவீதியில் எல்லாரும் நின்று திரும்பிப் பார்க்கும் முகம் யாருக்கும் அமையவில்லை.

ஆட்டத்துக்குப் பிந்தைய பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றதும் மக்டெபுர்க்கிலேயே 2009 வரை விளையாட்டு மேலாளராக இருந்தார். பின்னர் பிறந்த ஊரான லைப்சிக்கில், கீழிருந்து மேலேறிக்கொண்டிருந்த கழகத்தின் மேற்பார்வைக் குழுவில் பணியாற்றினார். 2020 தொடக்கத்தில் ஃபுக்ஸே பெர்லின் கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். அந்தக் கழகம் 2025 ஜூனில், டென்மார்க்கின் மதியாஸ் கிட்செல் உச்சத்தில் ஆடிய பருவத்தில், தன் வரலாற்றில் முதன்முறையாக ஜெர்மன் சாம்பியன் ஆனது. இரண்டாம் இடம் மக்டெபுர்க்குக்கு, ஒரே ஒரு புள்ளி குறைவு. ஒரு வாரம் கழித்துக் கோல்னில் சாம்பியன்ஸ் லீக் இறுதியிலும் அதே இரு கழகங்கள் மோதின. அங்கே 32–26 என்று மக்டெபுர்க் வென்றது. மக்டெபுர்க்கின் பயிற்றுநர் பென்னெட் வீகெர்ட், 2002 அணியில் கிரெட்ஷ்மாரோடு சேர்ந்து ஆடிய இளைஞர். அந்த வாரம் எங்கள் பயிற்சிக்கூடத்தில் யாருக்காகக் கைதட்டுவது என்று தெரியாமல் விழித்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல. ஆனால் மூன்றே மாதங்களில், 2025 செப்டம்பரில், பெர்லின் கழகம் அவரையும் பயிற்றுநரையும் விட்டுப் பிரிந்தது. பட்டம் வென்ற கையோடு இப்படி ஒரு பிரிவு பன்டெஸ்லீகாவில் அரிது. உள்ளே நடந்தது பற்றிப் பலரும் பலவிதமாக எழுதினார்கள். நான் அதில் ஊகம் சேர்க்க விரும்பவில்லை.

அவர் ஆட்டத்தை நீங்களே பார்த்து முடிவு செய்ய விரும்பினால், கோல்களை மட்டும் வெட்டிச் சேர்த்த தொகுப்புகளைப் பார்க்காதீர்கள். அவற்றில் எல்லா விளிம்பு ஆட்டக்காரர்களும் மேதைகளாகத்தான் தெரிவார்கள். 2002 இறுதிச்சுற்றின் இரண்டாம் ஆட்டம், மக்டெபுர்க்கில் நடந்தது, முழுப் பதிவாகக் கிடைத்தால் அதைப் பாருங்கள். பந்து வலப்பக்கம் இருக்கும்போது கண்ணை இடது மூலையில் வையுங்கள். பந்தே வராத நேரத்திலும் அவர் ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாக அசைந்துகொண்டே இருப்பார். அவரைக் காக்கும் எதிரணிக்காரர் நடுவே உதவிக்குப் போகலாமா வேண்டாமா என்று தயங்குவார். அந்தத் தயக்கத்தில் திறக்கும் இடைவெளியில் நுழைந்து கோல் போடுபவர் ஸ்டெஃபான்சனாகவோ வேறொருவராகவோ இருப்பார். அந்தக் கோல்கள் கிரெட்ஷ்மாரின் 821-இலும் இல்லை, வேறெந்தக் கணக்கிலும் அவர் பெயரில் இல்லை.